சந்தனம் துடைத்த கண்

அம்மன் கண்ணில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைக்கச் சொன்னது நீங்கள்தான். துடைத்தது உங்களோடு வந்த போட்டோக்காரர். சொன்னது நீங்கள். நான் பக்கத்தில் நின்றேன். "முகமே தெரியலையே, க்ளீன் பண்ணுங்க" என்றீர்கள். அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கைக்குட்டைதான் காரணம் என்று என் அக்கா சொல்கிறாள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மூன்று மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போன பொருளை நீங்கள் திருப்பித் தரவில்லை. அக்காவின் கண் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நயமாக எழுத வராது. மருந்தடிக்கும் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான். திராட்சைத் தோட்டங்களுக்குப் பைக்கில் போய் மோட்டாரைக் கழற்றி, அடைப்பை எடுத்து, மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவன். உங்களுக்கு நடந்தது தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்குப் பக்கம். அப்பா திராட்சைப் பந்தல் போடக் கல்தூண் நடுவதற்குக் குழி தோண்டினார். கடப்பாரை எதிலோ மோதி, கை அதிர்ந்தது. மண்ணைத் தள்ளினால் ஒரு தோள் தெரிந்தது. பிறகு முகம். முழங்கை நீளத்துக்கு ஒரு வெண்கல அம்மன். இடது தோளில் கடப்பாரை பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் மஞ்சளை வைத்து அடைத்துவிட்டு அப்பா அழுதார் என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அக்கா கைக்குழந்தை.

ஊர் கூடித் தோட்டத்து ஓரத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டியது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பூசாரி ஆனார். வருசா வருசம் திருவிழா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவோம். மஞ்சள் தோய்த்த கயிற்றைக் கையில் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியூரில் வேலை என்றாலும், கலியாணம் என்றாலும், சாவு என்றாலும் போகக் கூடாது. எங்களுக்கு எல்லை என்பது ஓடைப்பாலம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் அம்மன் முன்னால் வைத்துத்தான். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அரசாங்க அதிகாரியாக நீங்கள் வந்த அன்று ஊரே சந்தோசப்பட்டது. அதை மறைக்கவில்லை. வெளிநாட்டில் பெரிய கண்காட்சி, நம்முடைய பழைய சிலைகளை உலகம் பார்க்கப் போகிறது, உங்கள் அம்மனும் போகிறாள் என்று சொன்னீர்கள். நல்ல சட்டை போட்டிருந்தீர்கள். மரியாதையாகப் பேசினீர்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சித்தப்பா மட்டும் ஆட்டவில்லை.

"ஐயா, சும்மா தூக்கிக் குடுக்க இது பித்தளைச் சாமானா? உள்ள ஆளு இருக்கு" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "மூணு மாசந்தான் பெரியவரே" என்றீர்கள்.

சித்தப்பா ஒரு யோசனை செய்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். கோயில் திருப்பணி நடக்கும்போது சாமியின் சக்தியைச் சிலையிலிருந்து இறக்கிக் கும்பத்துத் தண்ணீரில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். அதையே செய்துவிடலாம் என்றார்.

"ஆத்தா இங்கனயே நம்மகிட்ட இருக்கட்டும். உடம்பு மட்டும் ஊரு சுத்திப் பாத்துட்டு வரட்டும்" என்றார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். அரசாங்கத்துக்குக் கூட்டைக் கொடுத்துவிட்டு ஆளை நாமே வைத்துக்கொள்கிறோம் என்று ஒருத்தர் சொல்ல, ஊர் கூடுகிற மந்தையில் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கும்பத்தை வைத்துப் பார்க்க ஒரு பெண் வேண்டும். அக்காவைச் சொன்னார்கள். அவள் புருஷனை இழந்தவள். மற்றக் கோயில்களில் அப்படிப்பட்டவர்களை ஒதுக்கி நிறுத்துவார்கள். எங்கள் அம்மனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அக்காவின் ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸ். அக்கா வீட்டை விட்டு எங்கும் போகிறவள் இல்லை. அதனால் அவளே ஒத்துக்கொண்டாள்.

சித்தப்பா செய்ததை நான் பார்த்தேன். முதலில் அம்மனின் கண்ணைச் சந்தனத்தால் மூடினார். நன்றாக, கெட்டியாக, இமைக்கு மேல் விரலால் அழுத்தி மூடினார். "கண்ணத் தொறந்து வச்சுட்டு எறக்கக் கூடாது. பாக்குற கண்ணு எறங்காது" என்றார். பிறகு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கும்பத்துத் தண்ணீரில் மாவிலை அசைந்தது. அக்கா கையில் காப்புக் கட்டினார். கும்பத்தை அவள் தலையில் ஏற்றி, முன்னால் நடந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசல் தாண்டும் வரை யாரும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் மட்டும் கோயிலில் நின்றேன், சிலையை வைக்க நீங்கள் கொண்டுவந்த பெட்டிக்குக் காவலாக.

அந்த நேரத்தில்தான் நீங்கள் போட்டோ எடுக்கச் சொன்னீர்கள்.

சித்தப்பா திரும்பி வந்தபோது அம்மன் பஞ்சுப் பெட்டிக்குள் மல்லாக்கப் படுத்திருந்தாள். கண் பளிச்சென்று இருந்தது. உச்சி வெயில். சித்தப்பா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை, வெகுநேரம்.

"கண்ணு முழிச்சிருச்சே" என்றார்.

"என்ன பெரியவரே?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்லைங்கய்யா. மூணு மாசந்தானே?"

"மூணே மாசம்."

மூடியை வைத்துத் திருகினார்கள். உங்கள் வண்டி பாலம் தாண்டிப் போயிற்று. நான் வீட்டுக்குப் போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டி பாலத்துல ஏறுனப்ப தண்ணி குலுங்குச்சுடா" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து பாலம் தெரியாது. வண்டிச் சத்தமும் கேட்காது.

மூன்று மாதம் போயிற்று. கண்காட்சிக்கு நல்ல கூட்டமாம், நீட்டித்திருக்கிறார்களாம். அப்புறம் இன்னொரு நாடு கேட்டிருக்கிறதாம். உங்கள் ஆபீஸுக்கு நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஒருமுறை நீங்களே சொன்னீர்கள், சிரித்த முகமாக: பூமிக்குள் கிடைத்தது அரசாங்கச் சொத்து, அதை நாங்கள் இத்தனை காலம் வைத்திருந்ததே தப்பு என்று. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நீங்கள் இரவல் வாங்க வரவில்லை.

டீக்கடையில் கேலி பேச ஆரம்பித்தார்கள். "என்னப்பா, ஒங்க சாமி பாஸ்போர்ட்டு எடுத்து அங்கனயே செட்டிலாயிருச்சாமே" என்றார் ஒருத்தர். "இருக்கும். ஒன்னய மாதிரி ஆளுக ஓசி டீ குடிக்கிற ஊர்ல எந்தச் சாமி இருக்கும்?" என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது.

அந்தக் கும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதில் தண்ணீர் குறையவில்லை. கோடையில் எங்கள் தோட்டத்துப் போர் வற்றியது, கொடி கருகியது, வீட்டுக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர்கூட இரண்டு நாளில் இறங்கியது. கும்பத்தில் இறங்கவில்லை. அக்கா ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஊற்றக் கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று தெரியும்தானே. தகரம் பறக்கும், கதவு ஆணியோடு ஆடும். அந்தக் காற்றில் கும்பத்து மாவிலை ஒன்றுகூட அசையாது. காற்றே இல்லாத உச்சி வெயிலில், தெருவில் நாய்கூட எழுந்திருக்காத நேரத்தில், ஒரு இலை மட்டும் மெதுவாகத் திரும்பும். யாரோ முகத்தைத் திருப்புவதுபோலத் திரும்பும். இலை காய்ந்தால் அக்கா மாற்றுவாள். புது இலையும் அதே மாதிரி திரும்பும்.

நான் அந்த அறைக்குள் மத்தியானத்தில் போவதை நிறுத்திவிட்டேன். பயம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

சித்தப்பா படுத்துவிட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது காப்பைப் பற்றித்தான். "கட்டுன நான் போறேன். இனி ஆத்தா வந்து மொகத்துக்கு மொகம் நின்னாத்தான் அவுக்க முடியும். யாரு அவுத்தாலும் சரி, அவ முன்னாடி அவுக்கணும்." நான் சந்தனம் துடைத்த கண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சித்தப்பாவைத் தகனம் செய்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். அக்கா பாலத்தின் இந்தப் பக்கம் நின்று அழுதாள்.

அவள் கையில் இன்னும் அந்தக் கயிறு இருக்கிறது. நைந்த கயிற்றின் மேலேயே புதுக் கயிற்றைச் சுற்றிக்கொள்வாள். உள்ளே இருப்பது கறுத்துத் தோலோடு ஒட்டிப்போயிற்று.

ஒருநாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏலே, யாரோ நம்மளப் பாக்குறாக."

தெருவில் ஒருவரும் இல்லை. "யாருக்கா?"

"வரிசையா வாராக. நின்னு பாக்குறாக. போயிர்றாக. திரும்ப வேற ஆளுக வாராக." பிறகு சொன்னாள்: "யாரும் கும்புட மாட்டேங்குறாக."

அவளுடைய வலது கண்ணில் வெள்ளை விழுந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது கூட்டிப்போனேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். புரை முற்றிவிட்டது, உள்ளே பிரஷரும் ஏறியிருக்கிறது, இடது கண்ணும் அதே வழியில் போகிறது, உடனே தேனிக்குக் கூட்டி வாருங்கள், தள்ளிப்போட்டால் நரம்பு போய்விடும், அப்புறம் ஆபரேஷன் செய்தும் பிரயோசனமில்லை என்றார். முகாமிலேயே செய்ய முடியாதா என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல வச்சுக் கண்ண அறுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

தேனி பாலத்துக்கு அந்தப் பக்கம்.

அக்காவிடம் கத்தினேன். கயிற்றை அறுத்துப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"அறுத்துட்டா இவளுக்கு வீடு எதுடா? அங்கன ஒடம்பு, இங்கன உசுரு. நடுவுல என் கைதானே இருக்கு."

"ஒனக்குக் கண்ணு போயிரும்க்கா."

"போகட்டுமே. எனக்குத் தெரியறது நம்ம தெருவா? கண்ணாடிக்குள்ள நிக்கிற மாதிரில்ல இருக்கு." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, சோறு ஆறிப்போயிற்று என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "கால்மாட்டுல ஒரு வெளக்கு அணைஞ்சிருச்சு. ரெண்டு நாளா அந்தப் பக்கம் இருட்டா இருக்கு."

புரை முற்றினால் பார்வையில் வெளிச்சம் கலங்கும், என்னென்னவோ தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் நாட்டுக்குத்தான் கண்காட்சி அப்போது போயிருந்தது. லீவு போட்டு, ரயில் ஏறி, அந்த ஊருக்குப் போனாள். உள்ளே போய் வீடியோவில் கூப்பிட்டாள். நான் போனை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு அந்தச் சின்ன வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. அவள் கும்பத்துக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ஹால். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் நின்றாள். நம் ஊர் வெயிலில் மஞ்சளும் எண்ணெயுமாகப் பார்த்தவளை அங்கே கழுவி, துடைத்து, பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். தோளில் அந்தப் பள்ளம். கீழே இருந்த பலகையை அக்கா மகள் படித்துத் தமிழில் சொன்னாள்: தோளில் உள்ள குழி பழங்காலச் சடங்கு ஒன்றில் உண்டாக்கப்பட்டதாக இருக்கலாம். எங்கள் அப்பாவின் கடப்பாரையை நீங்கள் பழங்காலச் சடங்கு ஆக்கிவிட்டீர்கள். ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

"மாமா, கால்பக்கம் லைட்டு எரியல. சரி பண்றோம், மன்னிக்கவும்னு ஒரு சின்ன அட்டை வச்சிருக்காங்க" என்றாள்.

லைட் எரியாமல் போவது எந்த ஊரிலும் நடக்கும்.

அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவள் போனைப் பைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். சத்தமில்லாமல் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்கா சொன்னாள்:

"இந்தா, ஒருத்தி கும்புடுறா." பிறகு குரல் உடைந்தது. "நம்ம பாப்பாடா. எளச்சுப் போயிட்டா."

கும்பத்தில் அத்தனை இலையும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன.

அதற்குப் பிறகுதான், அம்மனைத் திருப்பிக் கேட்டு முன்பே போட்டிருந்த வழக்கை முடுக்கச் சொல்லி வக்கீலிடம் போனேன். உத்தமபாளையத்தில் டயர் கடை மாடியில் ஆபீஸ். ராவுத்தர் வீட்டுப் பையன். என்னோடு படித்தவன். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான். எங்களுக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட்டவன் அவன்தான்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவப்படாமக் கேளு."

"நான் எப்பக் கோவப்பட்டேன்?"

"இந்தா, இப்ப." டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். "இங்கன கோர்ட்டுல கேட்டா, பொருள் வெளிநாட்டுல இருக்கு, வரட்டும் பாக்கலாங்குறாக. வாய்தாவா ஓடுது."

"அங்கன கேளு."

"அங்கன கேக்கவே முடியாது. ஒரு நாட்டு அரசாங்கச் சொத்து இன்னொரு நாட்டுக்குக் கண்காட்சிக்குப் போனா, அந்த நாட்டுக் கோர்ட்டு அதத் தொடாது. ஜப்தி கிடையாது, புடிச்சு வைக்கிறது கிடையாது. விக்க வச்சிருந்தாலாவது பேசலாம். சும்மா காட்டுறதுக்கு வச்சா எவனும் கை வைக்க முடியாது. போறதுக்கு முன்னாடியே அப்படி உறுதி எழுதி வாங்கிட்டுத்தான் பெட்டியவே ஏத்துறாக."

"எவன் போட்ட சட்டம் அது?"

"கோவப்படாதன்னு சொன்னேன்ல. அதுல நியாயம் இருக்கு மாப்ள. அது இல்லாட்டி எந்த நாடும் எந்த நாட்டுக்கும் ஒரு ஓட்டப் பானையக்கூட அனுப்பாது. எவனாவது பழைய பாக்கியச் சொல்லிப் புடுங்கிக்கிருவான்னு பயம். அதுக்காக ஒரு உடன்படிக்கை எழுதியிருக்காக. நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. ஆனா அது இன்னும் அமலுக்கு வரல."

"அமலுக்கே வராத சட்டத்துக்கா இம்புட்டும்?"

"அது இல்லாட்டியும் நாடுகளுக்குள்ள அதுதான் வழக்கம்னு சொல்றாக. அதுலயும் கொஞ்சம் சண்டை இருக்கு. ஆனா ரொம்பப் பேரு மதிச்சு நடக்குறாக. எல்லாரும் மதிச்சா வழக்கம் சட்டமாயிரும்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நாங்க கட்டுன காப்பும் வழக்கந்தான். ஊரே மதிக்குது. அது ஏன் சட்டமாகல?"

அவன் என்னையே பார்த்தான். "அதக் கேக்குற கோர்ட்டு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியல மாப்ள."

"அப்ப அங்கன நிக்கிறவளுக்குப் பாதுகாப்புக்குக் கொறச்சலில்ல."

"கொறச்சலே இல்ல. தூதர் மாதிரி. எந்தப் போலீசும் தொட முடியாது."

"எங்க வீட்டுல இருக்கவளுக்கு?"

அவனுக்குக் கும்பத்தைப் பற்றித் தெரியும். ஒருமுறை வீட்டுக்கு வந்து, அந்த அறை வாசலோடு நின்று, செருப்பைக்கூடப் போடாமல் தெருவரைக்கும் வேகமாக நடந்தவன். "அதக் கோர்ட்டுல பேச முடியாது. சிரிப்பாக. நான் சிரிக்க மாட்டேன்" என்றான்.

படியிறங்கும்போது எனக்குப் புரிந்தது. உங்கள் உறுதி, காவல், கண்ணாடி, சைரன் எல்லாம் காலிக் கூட்டுக்கு. உள்ளே இருந்தவளைக் காக்க ஒரு கயிறு. அது கட்டியிருக்கிற கை என் அக்காவுடையது. அந்தக் கைக்கு இதுவரை ஒரு அரசாங்கமும் எந்த உறுதியும் எழுதித் தரவில்லை.

மகள் போனில் அழுது அழுது அக்காவை ஒருநாள் சம்மதிக்க வைத்தாள். காலையில் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று பேச்சு. பக்கத்து வீட்டம்மாவைக் கும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். தெரிந்தவருடைய ஆட்டோ. அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், திராட்சை விலை, மகளுக்கு மாப்பிள்ளை என்று. பாலம் தெரிந்ததும் பேச்சு நின்றது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடை காய்ந்து கிடந்தது. மழை பெய்து வெகுநாள் ஆயிற்று. மணலில் வண்டித் தடம் தெரிந்தது. ஆட்டோவின் முன்சக்கரம் பாலத்தில் ஏறியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நான் தினமும் தண்ணீர் ஓடும் குழாயோடு வேலை செய்கிறவன். அது ஓடுகிற சத்தம் இல்லை. நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடந்தால் உள்ளே குலுங்குமே, அந்தச் சத்தம். பாலத்துக்கு அடியிலிருந்து, ரொம்பப் பெரிதாக. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். காய்ந்த மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"திருப்பிரவா?"

அக்கா கையில் கயிறு கட்டிய இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நான்தான் திருப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டம்மா எங்கள் வாசலில் நின்றிருந்தார். உள்ளே உட்கார முடியவில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது கதவப் பாத்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். ஆட்டோக்காரர் பணம் வாங்கவில்லை. இன்றுவரை எங்கள் தெருவுக்குச் சவாரி வருவதில்லை.

சாமி இருக்கிறதா இல்லையா என்று உங்களோடு சண்டை போட நான் வரவில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை. நான் அறிந்ததை எழுதிவிட்டேன். என் அக்கா அந்தப் பாலத்தைத் தாண்டமாட்டாள். தாண்ட வைக்க எனக்கு வழியில்லை. அம்மன் திரும்பி வந்து நின்றால் ஒரு நிமிடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். அடுத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அவ்வளவுதான் விசயம்.

போன வாரம் அக்கா சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"என்னக்கா?"

"இருட்டாயிருச்சுடா."

நான் லைட்டைப் போட்டேன். நல்ல பகல். இருந்தாலும் போட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இங்கன இல்ல. அங்கன. பஞ்சு வச்சுப் பெட்டியில போட்டு மூடிட்டாக போல. திருகுற சத்தம் கேட்டுச்சு." வலது கையால் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "கண்ணுல சந்தனம் வைக்காமயே மூடிட்டாக. இருட்டுல முழிச்சுக்கிட்டே கிடக்காடா."

மறுநாள் மகளைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்த இடத்தில் வேறு சிலை நிற்கிறது. அம்மன் அடுத்த நாட்டுக்குப் போகிறாளாம். எந்த நாடு என்று அங்கே இருந்தவர்கள் சொல்லவில்லை. வக்கீல் எழுதிக் கேட்டான். இதுவரை ஒரு வரி வரவில்லை. டாக்டரம்மா வழியில் வந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தார். வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணுக்குக் கொஞ்சம் காலம் இருக்கிறது, ரொம்ப இல்லை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அறைக்குள் கும்பத்தில் தண்ணீர் லேசாகக் குலுங்கிக்கொண்டே இருந்தது, லாரியில் ஏற்றி வைத்த மாதிரி. டாக்டரம்மா இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்மன் யாருடையவள் என்று இப்போது உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கோர்ட்டு சொல்லட்டும், எப்போது சொன்னாலும் சரி. நான் கேட்பது இதுதான். அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? எப்போது திறப்பீர்கள்? என் அக்காவின் இடது கண் மூடுவதற்குள் அது இந்தப் பாலத்தைத் தாண்டி உள்ளே வருமா, வராதா?

பதிலைக் காகிதத்தில் அனுப்ப வேண்டாம். அவளால் படிக்க முடியாது. அன்றைக்கு வந்த மாதிரியே வாருங்கள், உச்சி வெயிலில், எங்கள் மந்தைக்கு. அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அக்காவைக் கைபிடித்துக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைக்கிறேன். ஊர் கேட்க, உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள்.